அமெரிக்க அதிபரின் அதிகாரம்: பறித்ததா, விட்டுக்கொடுத்ததா? (கேள்வி பதில்)

கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுக்கிறேன். அடுத்த தேர்தலில் யார் வருவார், யார் நல்லவர் என்ற கேள்விகளுக்கு இங்கே பதில் கிடையாது. அதிபர் ஒரு காரியம் செய்தார் என்றால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி செய்தார் என்று கேளுங்கள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

சட்டக் கல்லூரி மாணவி: ஐயா, அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் பகுதியை வாசித்தேன். அதிபரைப் பற்றி மொத்தமே சில பத்திகள்தான் இருக்கின்றன. உரை பெரிதாக மாறாமல் இருக்க, அதிகாரம் மட்டும் எப்படி இவ்வளவு பெருத்தது?

பதில்: சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். 1787இல் எழுதிய உரைப்படி அதிபருக்கு இருப்பவை இவை: படைகளின் தலைமை, மன்னிப்பு வழங்குதல், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு உடன்படிக்கை, செனட் ஒப்புதலோடு நியமனம், மசோதாவைத் தடுத்துத் திருப்பி அனுப்பும் வீட்டோ, சட்டங்கள் ஒழுங்காக நிறைவேறுவதைப் பார்த்துக்கொள்ளும் கடமை. போர் அறிவிப்பது, வரி போடுவது, கடன் வாங்குவது, வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவது, படை திரட்டுவது, கஜானாவைத் திறப்பது எல்லாம் முதல் பகுதியில் காங்கிரஸின், அதாவது செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தின், கையில் இருக்கின்றன. பிற்பாடு அதிபர் பதவியை நேரடியாகத் தொட்ட 12, 20, 22, 25ஆம் திருத்தங்கள் தேர்தல் முறை, பதவியேற்கும் நாள், தவணை வரம்பு, வாரிசு பற்றியவை. ஒன்றுகூட அதிகாரத்தைக் கூட்டவில்லை. 22ஆவது குறைத்தது.

அப்படியென்றால் வளர்ச்சி வேறு வழியாக வந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அதிபர் பதவி பெரும்பாலும் அடங்கியே இருந்தது. ஆண்ட்ரூ ஜாக்சன் போன்றவர்கள் இடையிடையே அதை உலுக்கினார்கள். அவருக்கு முன் இருந்த ஆறு அதிபர்களும் சேர்ந்து பயன்படுத்திய வீட்டோ 10தான். அவர் ஒருவரே 12 முறை பயன்படுத்தினார். 1832இல் தேசிய வங்கி மசோதாவைத் திருப்பி அனுப்பியபோது அது அரசமைப்புக்கு முரண் என்று மட்டும் சொல்லவில்லை, நாட்டுக்குக் கெடுதல் என்றும் சொன்னார். வீட்டோவைக் கொள்கை ஆயுதமாக்கியது அந்தச் செய்திதான். ஆனாலும் 1885இல் உட்ரோ வில்சன், பின்னாளில் அதிபரானவர், நாட்டை உண்மையில் ஆள்வது காங்கிரஸின் குழுக்களே என்று எழுதும் நிலை இருந்தது.

பெரிய திருப்பம் 1921க்கும் 1939க்கும் இடையே நடந்தது. அதை நடத்தியது காங்கிரஸே. 1921க்கு முன் ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய பணத்தைக் காங்கிரஸிடம் தனித்தனியாகக் கேட்டது. அதிபர் கையில் மொத்தக் கணக்கு இல்லை. அந்த ஆண்டின் பட்ஜெட் சட்டம், நாட்டுக்கு ஒரே வரவுசெலவுத் திட்டத்தை அதிபரே தயாரித்து அனுப்ப வேண்டும் என்றது. பணம் ஒதுக்குவது காங்கிரஸ்தான், ஆனால் பேச்சைத் தொடங்கும் தாள் அதிபருடையதாகிவிட்டது. அடுத்து 1934இல் இறக்குமதி வரி. அதைக் கீழே தனியாகக் கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது ஆள்பலம். 1857இல்தான் காங்கிரஸ் அதிபருக்கு ஒரு தனிச்செயலாளர் வைத்துக்கொள்ளச் சம்பளம் ஒதுக்கியது. 1939இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்து மறுசீரமைப்புச் சட்டத்தால் அதிபரின் செயலகம் என்ற தனி அமைப்பே பிறந்தது, பட்ஜெட் அலுவலகம் நிதித்துறையிலிருந்து அதற்குள் வந்து உட்கார்ந்தது. இந்த மூன்றையும் ஒரு அதிபரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. வாக்கெடுத்துச் சட்டமாக்கிக் கொடுத்தார்கள்.

போட்டித் தேர்வர்: சார், அதிக நிர்வாக ஆணைகள் பிறப்பித்தவர் யார்? அவர்தானே மிக வலிமையான அதிபர்?

பதில்: பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பன்னிரண்டு ஆண்டுகளில் 3,700க்கு மேல். தேர்வுக்கு அது போதும். இரண்டாவது கேள்விக்கு, இல்லை. தலையிடாத அதிபர் என்று பெயரெடுத்த கூலிட்ஜ் 1,200க்கு மேல் பிறப்பித்திருக்கிறார். அவற்றில் நிறைய, தனி ஒரு ஆளுக்குப் பணி விதியில் விலக்கு தருவது போன்ற சில்லறை விஷயங்கள். மறுபக்கம், 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் போட்ட 9066ஆம் எண் ஆணை ஒன்றே ஒன்று. அது சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீட்டிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்தது. எண்ணிக்கையை வைத்து அதிகாரத்தை அளக்காதீர்கள்.

நம்மூர் வாசகர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நிர்வாக ஆணை என்பது இந்தியாவின் அவசரச் சட்டம் அல்ல. 123ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் அவசரச் சட்டத்துக்கு, நாடாளுமன்றம் கூடி ஆறு வாரம் ஆகும்வரை சட்டத்தின் வலு உண்டு. அமெரிக்க ஆணை, ஏற்கெனவே உள்ள சட்டத்துக்குள் நின்றுகொண்டு அதிபர் தன் அதிகாரிகளுக்கு இடும் கட்டளை.

அதனால் ஆணையை வாசிக்கும்போது முதல் பத்தியைப் பாருங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும். பிரிவு எதுவும் சொல்லாமல் "அரசமைப்பும் சட்டங்களும் தந்த அதிகாரத்தால்" என்று பொதுவாக மட்டும் இருந்தால் கால் ஊன்ற இடம் குறைவு. பிறகு நடுவில் வரும் வினைச்சொற்களைப் பாருங்கள். "தடை செய்யப்படுகிறது" என்றால் உடனே நடக்கும். "விதி வகுக்கத் துறை பரிசீலிக்க வேண்டும்" என்றால் 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி அறிவிப்பு, பொதுமக்கள் கருத்து, இறுதி விதி என்று மாதக்கணக்கில் இழுக்கும், தலைப்புச் செய்தி அன்றே வந்துவிட்டாலும். கடைசிப் பிரிவையும் விட்டுவிடாதீர்கள். "ஒதுக்கீடு உள்ள அளவுக்கு" என்று அங்கே இருக்கும். பணம் இல்லை என்றால் ஆணை காகிதம்தான்.

இன்னொன்று, ஒருவர் போட்டதை அடுத்தவர் ஒரே கையெழுத்தில் கலைத்துவிடலாம். வெளிநாட்டில் கருக்கலைப்புக்கு உதவும் அமைப்புகளுக்கு அமெரிக்க நிதி கூடாது என்ற கொள்கை 1984இல் ரீகன் கொண்டுவந்தது. 1993இல் நீங்கியது, 2001இல் திரும்பியது, 2009இல் நீங்கியது, 2017இல் திரும்பியது, 2021இல் நீங்கியது, 2025இல் மறுபடி வந்தது.

திருப்பூர் ஏற்றுமதியாளர்: வணக்கம் சார். வரி போடுவது காங்கிரஸ் வேலை என்கிறீர்கள். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்கு மேல் 25, அதற்கு மேல் இன்னொரு 25 சதவீதம் என்று போட்டது அதிபர்தானே? எப்படி முடிந்தது?

பதில்: 1930 வரை காங்கிரஸே பொருள் பொருளாக உட்கார்ந்து விகிதம் எழுதியது. அந்த ஆண்டின் ஸ்மூட்-ஹாலி சட்டத்தில் ஆயிரக்கணக்கான பொருள்கள். ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதிப் பொருளுக்குப் பாதுகாப்பு கேட்டு வரியை ஏற்றிவிட்டார்கள், மற்ற நாடுகளும் பதிலுக்கு ஏற்றின. அந்த அனுபவத்துக்குப் பின் 1934இல், மற்ற நாடுகளோடு ஒப்பந்தம் செய்து 50 சதவீதம் வரை மாற்றிக்கொள்ளும் உரிமையை அதிபருக்குக் கொடுத்தார்கள். வரியைக் குறைக்கத்தான் அந்தக் கதவைத் திறந்தார்கள். ஏற்றுகிறவரும் அதே கதவு வழியே வந்தார்.

இப்போது அதிபர் கையில் உள்ள சட்டங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் கடிவாளம் வேறு. 1962 சட்டத்தின் 232ஆம் பிரிவு தேசப் பாதுகாப்பைக் காரணமாக வைத்தது. வணிகத்துறை விசாரித்து 270 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். 2018இல் எஃகுக்கு 25, அலுமினியத்துக்கு 10 சதவீதம் போட்டது இதன்படிதான். 1974 சட்டத்தின் 301ஆம் பிரிவு நியாயமற்ற வணிகத்துக்கு எதிரானது, அதற்கும் விசாரணை வேண்டும். அதே சட்டத்தின் 122ஆம் பிரிவுக்கு விசாரணை வேண்டாம், ஆனால் உச்சம் 15 சதவீதம், 150 நாள்.

நீங்கள் சொன்ன 2025 வரி இவை எதன் கீழும் வரவில்லை. 1977ஆம் ஆண்டின் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தின்படி வந்தது. எதிரி நாட்டுச் சொத்தை முடக்கவும் பொருளாதாரத் தடை விதிக்கவும் பயன்பட்டுவந்த சட்டம் அது. அதில் இறக்குமதியை "ஒழுங்குபடுத்தலாம்" என்று இருக்கிறது, "வரி" என்ற சொல் இல்லை. முன் விசாரணையும் உச்சவரம்பும் இல்லை. 2025க்கு முன் எந்த அதிபரும் அதைக் கொண்டு வரி போட்டதில்லை. அதனால்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 நவம்பரில் வாதம் நடந்தது.

உங்களுக்கு வேண்டிய விஷயம் இதுதான்: உங்கள் சரக்கின் மேல் விழும் ஒவ்வொரு வரியும் எந்தச் சட்டத்தின் கீழ் என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். ஒரு சட்டத்தின் கீழான வரியை நீதிமன்றம் தள்ளினாலும் மற்றதன் கீழான வரி அப்படியே நிற்கும். திருப்பித் தரும் பணம் ஏதும் வந்தால், அங்கே சுங்கத்தில் வரி கட்டிய இறக்குமதியாளருக்குத்தான் போகும். விலையில் தள்ளுபடி கொடுத்து அந்தச் சுமையில் பாதியை நீங்கள் ஏற்றிருந்தால், அது திரும்ப வர ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

மதுரை வாசகர்: லிங்கன்கூட ஒரு சர்வாதிகாரி மாதிரிதான் நடந்தார் என்று சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: நடந்ததை நாள் வாரியாகப் பாருங்கள். 1861 ஏப்ரல் 12 சம்டர் கோட்டை தாக்கப்படுகிறது, தென் மாநிலங்களோடு உள்நாட்டுப் போர் தொடங்குகிறது. 15ஆம் தேதி 75,000 படையினரை அழைக்கிறார், காங்கிரஸை ஜூலை 4இல் கூடச் சொல்கிறார். இடைப்பட்ட சுமார் 80 நாளில் தெற்கின் துறைமுகங்களை முற்றுகையிட்டார், நிரந்தரப் படையைப் பெருக்கினார், ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்தார். படை பெருக்குவது தெளிவாகக் காங்கிரஸின் வேலை. ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தும் வாசகமும் காங்கிரஸ் பற்றிய முதல் பகுதியில்தான் இருக்கிறது. தலைமை நீதிபதி டேனி, மெரிமன் வழக்கில், அதிபருக்கு அந்த உரிமை இல்லை என்றார். லிங்கன் அதற்குக் கீழ்ப்படியவில்லை.

இது கனமான குற்றச்சாட்டு, மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஜூலை 4 தேதியிட்டுக் காங்கிரஸுக்கு எழுதி அனுப்பிய செய்தியில் லிங்கன், கண்டிப்பான சட்டப்படியோ இல்லையோ, பொதுத் தேவை கருதிச் செய்தேன், நீங்கள் ஏற்பளிப்பீர்கள் என்று நம்பிச் செய்தேன் என்ற பொருளில் கேட்டார். படை நடவடிக்கைகளுக்கு ஆகஸ்டிலேயே ஏற்பு கிடைத்தது, ஆட்கொணர்வு விஷயத்துக்கு 1863 மார்ச் வரை ஆனது. 1864இல், போர் நடுவே, தான் தோற்கக்கூடிய தேர்தலைத் தள்ளிவைக்காமல் நடத்தினார். போர் முடிந்த பின் 1866இல் மில்லிகன் வழக்கில், சிவில் நீதிமன்றம் திறந்திருக்கும் இடத்தில் குடிமகனை ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எல்லை மீறினேன், ஏற்பளியுங்கள் என்று வந்து நிற்பது ஒன்று. மீறவே இல்லை, எனக்கு இயல்பாகவே உள்ள அதிகாரம் இது என்பது வேறொன்று. இருபதாம் நூற்றாண்டில் முதலாவது தேய்ந்து இரண்டாவது வளர்ந்தது. என் கவலை அங்கேதான்.

யாழ்ப்பாணத்து வாசகர்: எங்கட 1978 நிறைவேற்று ஜனாதிபதி முறை அமெரிக்காவைப் பார்த்து எடுத்ததோ?

பதில்: பிரான்சின் ஐந்தாம் குடியரசோடுதான் நெருக்கம் கூட. பிரதமரும் அமைச்சரவையும் நாடாளுமன்றத்துக்குள் இருப்பதைப் பாருங்கோ. அது தனி அமர்வுக்குரிய விஷயம்.

சேலம் வாசகர்: ஒரே நாளில் பத்து இருபது ஆணை போடுகிறாரே, அப்படியானால் காங்கிரஸ் எதற்கு?

பதில்: போட்டித் தேர்வருக்குச் சொன்னதை வாசியுங்கள். எண்ணிக்கை அளவுகோல் அல்ல.

சட்டக் கல்லூரி மாணவி: ஐயா, நீதிமன்றம் அதிபரைத் தடுத்ததில் முக்கியமான தீர்ப்பு எது? ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது.

பதில்: 1952, யங்ஸ்டவுன் எஃகு ஆலை வழக்கு. கொரியப் போர் நடக்கிறது, எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வரப்போகிறது. ஏப்ரல் 8 அன்று ட்ரூமன் ஆலைகளைக் கையகப்படுத்த வணிக அமைச்சருக்கு ஆணையிட்டார். ஜூன் 2 அன்று 6க்கு 3 என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ட்ரூமன் அன்றே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார், வேலைநிறுத்தம் 53 நாள் ஓடியது.

பெரும்பான்மைத் தீர்ப்பை விட நீதிபதி ராபர்ட் ஜாக்சனின் இசைவுத் தீர்ப்பை, அதாவது முடிவை ஏற்றுத் தன் காரணங்களைத் தனியாக எழுதியதை, நிதானமாகப் படியுங்கள். அதிகாரத்தை மூன்று படியாகப் பிரிக்கிறார். காங்கிரஸ் சட்டம் கொடுத்திருக்கும்போது அதிபர் உச்சத்தில் இருக்கிறார். காங்கிரஸ் ஒன்றும் சொல்லாதபோது மங்கலான இடம். காங்கிரஸ் வேண்டாம் என்று சொன்ன பின்னும் செய்தால் மிகத் தாழ்ந்த படி. ட்ரூமன் விழுந்தது மூன்றாவதில். 1947இல் தொழிலாளர் சட்டத்தை எழுதும்போது ஆலையைக் கையகப்படுத்தும் அதிகாரத்தைச் சேர்க்கலாமா என்று காங்கிரஸ் யோசித்து வேண்டாம் என்று விட்டிருந்தது. இதை எழுதிய ஜாக்சன், ரூஸ்வெல்ட்டின் தலைமை வழக்கறிஞராக இருந்து, 1940இல் 50 போர்க்கப்பல்களை பிரிட்டனுக்குக் கொடுக்கச் சட்டக் கருத்து எழுதியவர். அதிகாரத்தின் பசியை உள்ளேயிருந்து பார்த்தவர் என்பதால் அவர் வரிகளுக்கு எடை கூடுகிறது.

டல்லாஸ் தமிழர்: போர் அறிவிப்பது காங்கிரஸ் என்றீர்கள். ஆனால் 1973 போர் அதிகாரத் தீர்மானப்படி அதிபர் 60 நாள் யாரையும் கேட்காமல் போர் நடத்தலாமே? சட்டமே கொடுத்த அனுமதிதானே அது?

பதில்: இல்லை. பலர் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். அதன் இரண்டாம் பிரிவு, அதிபர் படையைச் சண்டைக்குள் விடக்கூடிய சூழல் மூன்றே என்கிறது: போர் அறிவிப்பு, குறிப்பான சட்ட அனுமதி, அமெரிக்காவோ அதன் படையோ தாக்கப்படுவது. எட்டாம் பிரிவு, இந்தத் தீர்மானம் அதிபருக்குப் புதிய அதிகாரம் எதையும் தரவில்லை என்கிறது. 48 மணி நேரத்தில் அறிக்கை, 60 நாளில் காங்கிரஸ் அனுமதி தராவிட்டால் நிறுத்தம், படையைப் பத்திரமாக வெளியேற்ற மேலும் 30 நாள். இவை எல்லாம் வெளிவரம்பு.

டல்லாஸ் தமிழர்: இரண்டாம் பிரிவு "நோக்கமும் கொள்கையும்" என்ற தலைப்பில் இருக்கிறது, செயல்படும் பிரிவு அல்ல. கடிகாரம் ஓடுவது ஐந்தாம் பிரிவில். 60 நாள் என்று எழுதினால் 60 நாள் உங்களுடையது என்றுதான் எந்த அதிபரும் வாசிப்பார். 1999 கொசோவோ போரில் அதுகூடப் போதவில்லை, 78 நாள் குண்டு போட்டார்கள்.

பதில்: முதல் பாதியில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. செனட்டர் தாமஸ் ஈகிள்டன் இந்தத் தீர்மானத்துக்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர். கடைசி வடிவத்தைப் பார்த்ததும் இதே காரணத்துக்காக எதிர்த்து வாக்களித்தார், அந்த மூன்று சூழல்களையும் பல் பிடுங்கிய இடத்தில் வைத்துவிட்டார்கள் என்பதால். நிக்சனின் வீட்டோவை மீறி 1973 நவம்பர் 7 அன்று நிறைவேறியது என்ற வெற்றிக் கதையைச் சொல்கிறவர்கள் ஈகிள்டனை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் கொசோவோ உங்கள் வாதத்துக்கு உதவாது. 1999இல் பிரதிநிதிகள் சபையில் அனுமதித் தீர்மானம் 213க்கு 213 என்று சமமாகி விழுந்தது. காங்கிரஸ் போருக்குப் பணம் ஒதுக்கியதையே அனுமதியாக எடுத்துக்கொண்டோம் என்றது அரசு. நிதி ஒதுக்கீட்டை அனுமதியாக ஊகிக்கக் கூடாது என்று அதே எட்டாம் பிரிவு சொல்கிறது. 2011 லிபியாவில் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள்: தரைப்படை இல்லை, பதிலடி ஆபத்து குறைவு, எனவே இது "சண்டை"யே அல்ல, கடிகாரம் ஓடவில்லை என்றார்கள். 60 நாளைத் தன் உரிமையாக அதிபர்கள் வாசித்தார்கள் என்பதோடு நில்லாமல், 60க்குப் பின்னும் சொல்லுக்குப் பொருள் மாற்றினார்கள் என்பதுதான் உண்மை.

சென்னை வழக்கறிஞர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு அப்பட்டமான மீறலுக்கு நீதிமன்றம் போகலாமே?

பதில்: போனார்கள். கொசோவோவுக்காகக் காங்கிரஸ் உறுப்பினர்கள் தொடுத்த கேம்பல் வழக்கு 2000இல் தள்ளுபடியானது. உறுப்பினருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி இல்லை, உங்கள் கையில் சட்டமும் கஜானாவும் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள் என்று திருப்பிவிட்டார்கள். கசப்பாக இருந்தாலும் சரியான பதில். கம்போடியா மீது குண்டு வீச்சு நின்றது தீர்ப்பால் அல்ல, 1973 ஆகஸ்ட் 15க்குப் பின் ஒரு டாலர் கிடையாது என்று காங்கிரஸ் எழுதியதால்.

டல்லாஸ் தமிழர்: அப்படியானால் காங்கிரஸ் சாதாரணப் பெரும்பான்மையில் "நிறுத்து" என்று தீர்மானம் போடலாம் என்று அதே சட்டத்தில் இருந்ததே, அது என்ன ஆயிற்று?

பதில்: இந்த அமர்விலேயே முக்கியமான கேள்வி இது. அதைக் கொன்றது போரோடு சம்பந்தமே இல்லாத ஒரு குடியேற்ற வழக்கு. 1983 சட்டா வழக்கில், அதிபரின் கையெழுத்துக்கு அனுப்பாமல் காங்கிரஸ் போடும் தீர்மானத்துக்குச் சட்ட வலு இல்லை என்று 7க்கு 2 என்று தீர்ப்பானது. அதுவரை காங்கிரஸ் நூற்றுக்கணக்கான சட்டங்களில் ஒரு கையால் அதிகாரத்தைக் கொடுத்து, மறு கையில் "வேண்டாமென்றால் நாங்களே ரத்து செய்வோம்" என்ற கயிற்றைப் பிடித்திருந்தது. தீர்ப்பு கயிற்றை மட்டும் அறுத்தது. கொடுத்த அதிகாரம் அதிபரிடமே தங்கிவிட்டது.

இப்போது அதிபரை நிறுத்த வேண்டுமானால் சட்டம் போட வேண்டும், அவர் வீட்டோ செய்வார், பிறகு இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2019இல் யேமன் போருக்கு உதவுவதை நிறுத்தச் சொல்லும் தீர்மானம் செனட்டில் 54க்கு 46, பிரதிநிதிகள் சபையில் 247க்கு 175 என்று நிறைவேறியது. வீட்டோ வந்தது. அதை மீறும் முயற்சியில் செனட்டில் கிடைத்தது 53 வாக்கு.

அவசரநிலையும் இதே கதைதான். 1973இல் செனட் குழு தேடிப் பார்த்தபோது 1933, 1950, 1970, 1971 ஆண்டுகளில் அறிவித்த நான்கு அவசரநிலைகள் முடியாமல் உயிரோடு இருந்தன, அவற்றால் திறக்கும் சட்டப் பிரிவுகள் 470. அதைச் சரிசெய்ய 1976 சட்டம் வந்தது: எந்தப் பிரிவைப் பயன்படுத்துகிறேன் என்று அதிபர் சொல்ல வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் காலாவதி, காங்கிரஸ் தீர்மானத்தால் முடிக்கலாம். சட்டா தீர்ப்புக்குப் பின் கடைசி வழிக்கும் அதிபரின் கையெழுத்து தேவைப்பட்டது. ஈரானுக்கு எதிராக 1979 நவம்பரில் கார்ட்டர் அறிவித்த அவசரநிலையை ஒவ்வொரு அதிபரும் ஆண்டுதோறும் புதுப்பித்துவந்திருக்கிறார்கள். 2019இல் எல்லைச் சுவருக்கான அவசரநிலையை இரு சபையும் ரத்து செய்தன, வீட்டோ வந்தது, பிரதிநிதிகள் சபையில் 248க்கு 181. மூன்றில் இரண்டு பங்குக்குப் போதவில்லை.

கோவை வாசகர்: அண்ணா, காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை அதிபர் செலவழிக்காமல் வைத்திருக்கலாமா?

பதில்: 1803இல் ஜெபர்சன் துப்பாக்கிப் படகுகளுக்கான 50,000 டாலரை அவசரமில்லை என்று நிறுத்திவைத்தார், யாரும் சண்டைக்கு வரவில்லை. நிக்சன், பிடிக்காத திட்டங்களையே கொல்வதற்கு அதைப் பயன்படுத்தியபோது 1974 சட்டம் வந்தது. அதன்படி ரத்து செய்ய விரும்பும் தொகையைச் சொல்லிக் காங்கிரஸுக்கு அனுப்ப வேண்டும். கூட்டத்தொடர் நடக்கும் 45 நாளுக்குள் ஒப்புதல் வராவிட்டால் பணத்தை விடுவிக்க வேண்டும். ஓட்டை எங்கே என்றால், நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது. 45 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது அனுப்பினால், காங்கிரஸ் வாய் திறக்காமலே பணம் காலாவதியாகும். 2025 ஆகஸ்ட் கடைசியில் 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவிக்கு அப்படித்தான் அனுப்பினார்கள்.

போட்டித் தேர்வர்: அதிபர் யாரை வேண்டுமானாலும் பதவியிலிருந்து நீக்கலாமா சார்?

பதில்: அரசமைப்பு நியமனத்தைச் சொல்கிறது, நீக்கத்தைப் பற்றி மௌனம். 1867இல் காங்கிரஸ், செனட் ஒப்புதலின்றி நீக்கக் கூடாது என்று சட்டம் போட்டு, அதை மீறிய அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனை 1868இல் பதவிநீக்க விசாரணைக் கூண்டில் ஏற்றியது. ஒரே வாக்கில் தப்பினார். 1926 மயர்ஸ் தீர்ப்பு, முன்னாள் அதிபர் டாஃப்ட் தலைமை நீதிபதியாக எழுதியது, நீக்கும் உரிமை அதிபருக்கே என்றது. 1935 ஹம்ப்ரி தீர்ப்பு, சுதந்திர ஆணையங்களின் உறுப்பினரைத் தக்க காரணமின்றி நீக்க முடியாது என்று எல்லை போட்டது. 2020 சீலா தீர்ப்பு அந்த எல்லையைச் சுருக்கியது. 2025 டிசம்பரில் ஹம்ப்ரி தீர்ப்பே நிற்குமா என்று உச்ச நீதிமன்றம் வாதம் கேட்டது. தேர்வுக்கு 1926, 1935 இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஈரோடு வாசகர்: மூன்றாவது முறை அதிபராகலாமா?

பதில்: 22ஆம் திருத்தம், 1951. இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது.

நெல்லை வாசகர்: ஆணை போட்டே நாட்டை ஆளலாம் போலிருக்கிறதே சார், எண்ணிக்கையைப் பாருங்கள்...

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி. முதல் பத்தி, சட்டப் பிரிவு, பணம். மேலே விரிவாக இருக்கிறது, இனி இதற்குப் பதில் எழுதமாட்டேன்.

சென்னை வழக்கறிஞர்: முன்னாள் அதிபர்மேல் குற்ற வழக்குப் போடலாமா என்ற 2024 விலக்குரிமைத் தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை?

பதில்: 6க்கு 3. அரசமைப்பு நேரடியாகக் கொடுத்த மைய அதிகாரத்தில் செய்ததற்கு முன்னாள் அதிபர்மேல் குற்ற வழக்கே கிடையாது. மற்ற அலுவல் செயல்களுக்கு விலக்கு உண்டு என்ற ஊகத்தில் தொடங்க வேண்டும். அலுவல் சாராததற்கு விலக்கு இல்லை. 1982இல் சிவில் வழக்குக்கு மட்டும் இருந்த விலக்கு குற்ற வழக்குக்கும் நீண்டது. கவனிக்க வேண்டியது சாட்சியத்தைப் பற்றிய பகுதி: அலுவல் சாராத செயலுக்கான வழக்கில்கூட, விலக்குப் பெற்ற அலுவல் செயல்களைச் சான்றாக நடுவர் குழு முன் வைக்கக் கூடாது என்கிறது. அதை மட்டும் பெரும்பான்மையில் இருந்த நீதிபதி பாரட்டே ஏற்கவில்லை.

டல்லாஸ் தமிழர்: கடைசியாக ஒன்று. போர், அவசரநிலை இரண்டுக்கும் என்னதான் வழி? நீங்கள் சட்டம் எழுதினால்?

பதில்: சும்மா இருந்தால் யார் ஜெயிப்பார் என்பதை மாற்றி எழுதுவேன். இப்போது காங்கிரஸ் ஒன்றும் செய்யாவிட்டால் அதிபர் தொடர்கிறார். காங்கிரஸ் ஒன்றும் செய்யாவிட்டால் நின்றுபோக வேண்டும் என்று எழுத வேண்டும். சட்டா தீர்ப்பு இதைத் தடுக்காது, ஏனென்றால் தொடர்வதற்கான அனுமதி முறையான சட்டமாகவே வருகிறது. 2021இல் செனட்டர்கள் மர்பி, லீ, சாண்டர்ஸ் மூவரும் கொண்டுவந்த மசோதா இப்படித்தான் இருந்தது: 60 நாளை 20ஆகக் குறைத்து, அனுமதி வராவிட்டால் பணம் தானாக நிற்கும், அவசரநிலை 30 நாளில் காங்கிரஸ் ஏற்காவிட்டால் முடியும். இரு கட்சியினரும் சேர்ந்து கொண்டுவந்தது. சட்டமாகவில்லை. அதில் "சண்டை" என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதியிருக்கும் பகுதியை லிபியா வாதத்தோடு பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு வாருங்கள், மீதியைப் பேசுவோம்.